சட்டையில் ஒரு பெயர்: 2020 ஜார்ஜியா செனட் தேர்தலும் கூடைப்பந்து வீராங்கனைகளும்

2020 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை. புளோரிடா மாநிலத்தின் பிரேடன்டனில் ஒரு விளையாட்டுப் பயிற்சி வளாகம். கொரோனா காரணமாக, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் 12 அணிகளும் அந்த வளாகத்துக்குள்ளேயே தங்கி, பார்வையாளர் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. அன்று அட்லாண்டா ட்ரீம் அணிக்கும் ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணிக்கும் ஆட்டம். ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி அதை நாடு முழுக்க ஒளிபரப்பியது. அரங்குக்கு வந்த வீராங்கனைகள் கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். நெஞ்சில் இரண்டே சொற்கள்: 'வோட் வார்னாக்'.

ரஃபேல் வார்னாக், ஜார்ஜியாவில் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஒருவர். அந்தப் பதவியில் அப்போது இருந்தவர் குடியரசுக் கட்சியின் கெல்லி லெஃப்லர். அட்லாண்டா ட்ரீம் அணியின் இணை உரிமையாளரும் அவரேதான். தங்கள் அணியின் சொந்தக்காரரை எதிர்த்து நிற்பவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று அந்த அணியின் வீராங்கனைகளே சட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து வார்னாக் வென்றார். ஏழு மாதம் முடிவதற்குள் ட்ரீம் அணி கைமாறியது. வீராங்கனைகள் முதலாளியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பலரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பாதிக் கணக்காகப் படுகிறது. அவர்கள் செய்தது அதைவிடச் சின்ன வேலை, ஆனால் கெட்டிக்காரத்தனமான வேலை. அவ்வளவாகத் தெரியாத ஒருவரை, தெரிய வேண்டிய நேரத்தில் அறிமுகம் செய்துவைத்தார்கள். ஒருவரை அறிமுகம் செய்வதும் வாக்காளரின் மனத்தை மாற்றுவதும் வேறு வேறு வேலைகள். விளையாட்டு வீரர்களின் தேர்தல் ஆதரவைப் பற்றிப் பேசும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க இந்த நிகழ்வைப் போல வசதியான இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

ஒரு கடிதம்

முதலில் அந்தத் தேர்தலின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் யார் ஏன் எதைச் செய்தார்கள் என்பது பிடிபடாது.

ஜார்ஜியாவின் செனட்டராக இருந்த ஜானி ஐசக்ஸன் உடல்நலம் காரணமாக 2019 இறுதியில் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஆளுநர் பிரையன் கெம்ப், தொழிலதிபரான லெஃப்லரை நியமித்தார். 2020 ஜனவரியில் அவர் பதவியேற்றார். மீதியிருந்த காலத்துக்கான இடைத்தேர்தலை அதே ஆண்டு நவம்பரில், அதிபர் தேர்தலோடு சேர்த்து வைத்தார்கள். கட்சியின் ஒரே வேட்பாளரை முதலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல் கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில். மொத்தம் 20 பேர். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு வராவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ஜனவரியில் மறுபடி மோத வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் லெஃப்லரின் முதல் தலைவலி ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இல்லை. சொந்தக் கட்சியின் டக் காலின்ஸ்தான். டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் அவருக்காக நாடாளுமன்றத்தில் உரக்க வாதாடியவர்; கட்சித் தொண்டர்களிடம் செல்வாக்குள்ளவர். லெஃப்லரோ யாரும் தேர்ந்தெடுக்காத, ஆளுநர் கூட்டிவந்த கோடீஸ்வரர். கையில் பணம் இருந்தது. பிரசாரத்துக்குச் சொந்தப் பணத்திலிருந்து 2 கோடி டாலர் செலவிடத் தயார் என்று சொல்லப்பட்டது. இல்லாதது என்னவென்றால், 'இவர் நம்ம ஆள்' என்று வலதுசாரி வாக்காளர் நினைக்கும்படியான ஒரு சண்டை.

அந்தச் சண்டை ஜூலையில் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் லூயிவில் நகரில் பிரியானா டெய்லர் என்ற இளம்பெண்ணை அவர் வீட்டுக்குள்ளேயே போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைகளில் பெரும்பான்மையோர் கறுப்பினப் பெண்கள். அந்தப் பருவத்தை டெய்லருக்கும், வன்முறைக்குப் பலியான மற்றக் கறுப்பினப் பெண்களுக்கும் அர்ப்பணிப்பது என்று லீக்கும் வீராங்கனைகளும் சேர்ந்து முடிவு செய்தார்கள். சீருடையில் டெய்லரின் பெயர். ஆடுகளத்தின் தரையில், கறுப்பின உயிர்களும் முக்கியம் என்ற இயக்கத்தின் முழக்கமான 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்'.

ஜூலை 7 அன்று லெஃப்லர் லீக் ஆணையர் கேத்தி எங்கல்பெர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அந்த அரசியல் இயக்கத்தைத் தாம் ஏற்கவில்லை, விளையாட்டில் அரசியல் குறைய வேண்டும், சீருடைகளில் அமெரிக்கக் கொடியைப் பொறிக்கலாம் என்பது அதன் சாரம். உள் விவகாரமாக இருந்திருக்க வேண்டிய கடிதம், எழுதிய வேகத்திலேயே செய்தியாகவும் ஆனது. முகவரி ஆணையருடையது; படிக்க வேண்டியவர்கள் ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சி வாக்காளர்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வீராங்கனைகள் கொதித்தார்கள். அவர்களின் சங்கம் 'போதும், வெளியே போ' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து ட்விட்டரில் போட்டது. ட்ரீம் வீராங்கனைகள் கூட்டாக ஓர் அறிக்கை விட்டார்கள்: நூற்றாண்டுக் கணக்கான ஏற்றத்தாழ்வுக்குப் பிறகு மாற்றம் கேட்பது தீவிரவாதம் ஆகாது, இது அரசியல் பேச்சே இல்லை, மனிதத்தன்மை பற்றிய பேச்சு என்று. லெஃப்லரை அணியை விற்கும்படி கட்டாயப்படுத்த மாட்டோம் என்றார் ஆணையர். அவர் அணியின் அன்றாட நிர்வாகத்தில் இப்போது இல்லை என்றும் விளக்கினார்.

பெயரைச் சொல்லாமல் இருப்பது

எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜூலை 7-க்கும் ஆகஸ்ட் 4-க்கும் நடுவில் நான்கு வாரம் இருக்கிறது. கோபத்தில் செய்கிற வேலைக்கு நான்கு வாரம் ஆகாது.

சண்டை போடப் போட லெஃப்லர் தொலைக்காட்சியில் வந்துகொண்டே இருந்தார். ஒரு வீராங்கனை திட்டினால் அது செய்தி. அதற்கு அவர் பதில் சொன்னால் இன்னொரு செய்தி. காலின்ஸோடு போட்டி போடுபவருக்கு இதைவிட மலிவான விளம்பரம் எங்கே கிடைக்கும்? வீராங்கனைகளுக்கு இது சீக்கிரமே உறைத்தது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அது அவருக்கே போய்ச் சேர்கிறது. அதனால் அவர் பெயரையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்த இடத்தில் வேறொரு பெயரைச் சொல்லலாம் என்ற யோசனை சியாட்டில் ஸ்டார்ம் அணியின் மூத்த வீராங்கனை ஸூ பெர்ட்டிடமிருந்து வந்தது. டி-ஷர்ட்டும் அவர் யோசனைதான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். யாரோ ஒருவர் லெஃப்லரை எதிர்த்து நிற்கிறார், போதும், சட்டையை அச்சடி என்று அவர்கள் கிளம்பவில்லை. வார்னாக்கைப் பற்றிப் படித்தார்கள். காணொலி வழியே அவரோடு பேசினார்கள். குற்றவியல் நீதிச் சீர்திருத்தம், பெண்களின் இனப்பெருக்க உரிமை, பால்புதுமையினர் உரிமை ஆகியவற்றில் அவர் நிலைப்பாடு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வார்னாக் ஒரு பாப்டிஸ்ட் போதகர். அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில், மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கம் செய்த அதே சபையில், 2005 முதல் தலைமைப் போதகராக இருப்பவர். தன்பாலினத்தவர் பலர் ஆடும் ஒரு லீக் ஒரு போதகரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்காமல் அவர் பெயரை அணிய முடியாது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வார்னாக் வீராங்கனைகளே தோண்டி எடுத்த புதையல் ஒன்றும் இல்லை. கட்சியின் செனட் பிரசாரக் குழு ஜனவரியில் அவர் களமிறங்கியபோதே ஆதரவு தந்துவிட்டது. ஜார்ஜியா ஜனநாயகக் கட்சியின் முக்கியத் தலைவரான ஸ்டேசி ஏப்ரம்ஸும் அப்போதே அவர் பக்கம். அந்த ஏப்ரம்ஸ் வீராங்கனைகள் சங்கத்தின் ஆலோசனைக் குழுவிலும் இருந்தவர். ஆகவே, வார்னாக்கிடம் போகும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அந்தப் பாதையில் போவதா என்று விசாரித்து முடிவெடுத்தது மட்டும் அவர்களுடைய சொந்த வேலை.

இந்த ஒழுங்கு ஒரே கோடையில் வந்துவிடவில்லை. 2016 ஜூலையில், போலீஸ் துப்பாக்கிச்சூடுகளைக் கண்டித்துப் பல அணிகள் ஆட்டத்துக்கு முன்பு கறுப்புச் சட்டை அணிந்தன. சீருடை விதியை மீறியதாக லீக் அணிக்கு 5,000 டாலர், ஆளுக்கு 500 டாலர் என்று அபராதம் போட்டது. வீராங்கனைகள் ஆட்டம் முடிந்த பேட்டிகளில் கூடைப்பந்து பற்றிப் பேச மறுத்தார்கள். சமூகப் பிரச்சினையைப் பற்றி மட்டும் பேசினார்கள். சில நாளில் லீக் அபராதத்தைத் திரும்பப் பெற்றது. அப்புறம் 2020 ஜனவரியில், நெக்கா ஓகுமிகே தலைமையிலான அதே சங்கம் புதிய ஊதிய ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது. உச்சபட்ச அடிப்படைச் சம்பளம் 1,17,500 டாலரிலிருந்து 2,15,000 டாலராக உயர்ந்தது. லீக்கின் 144 வீராங்கனைகளும் ஒன்றாக நின்றால் லீக் இறங்கிவரும் என்பது அனுபவத்தில் கற்ற பாடம்.

அதோடு, 12 அணிகளும் ஒரே வளாகத்தில் அடைபட்டிருந்தது ஒரு தற்செயலான வசதி. சாதாரணப் பருவத்தில் அவர்கள் நாட்டின் பன்னிரண்டு மூலைகளில் இருப்பார்கள். இங்கே ஒரு கூட்டம் போட வேண்டுமென்றால் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தால் போதும். ட்ரீம் அணியின் எலிசபெத் வில்லியம்ஸ் சங்க நிர்வாகக் குழுவிலும் இருந்தார். உரிமையாளரை எதிர்க்கும் அணிக்கும் மற்றப் பதினொரு அணிகளுக்கும் நடுவில் பாலமாக ஓர் ஆள் அங்கேயே கிடைத்தார். ட்ரீம் வீராங்கனைகள் மட்டும் அந்தச் சட்டையைப் போட்டிருந்தால் அது ஓர் அணியின் உள்வீட்டுத் தகராறாகத்தான் தெரிந்திருக்கும். எதிரணியும் போட்டது. அடுத்து மற்ற அணிகளும் போட்டன.

நாற்பத்தெட்டு மணி நேரம்

சட்டை என்ன செய்தது? இரண்டு நாளில் வார்னாக்கின் பிரசாரத்துக்கு இணையம் வழியே 1.8 லட்சம் டாலருக்கு மேல் வந்ததாகவும், சுமார் 3,500 பேர் புதிதாக நன்கொடை கொடுத்ததாகவும் பிரசாரக் குழு சொன்னது. ட்விட்டரில் அவரைப் பின்தொடர்பவர்களும் சில ஆயிரம் கூடினார்கள்.

1.8 லட்சம் டாலர் பெரிய தொகையா? அந்தத் தேர்தலின் அளவில் கொசுறுதான். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, இரண்டே மாதத்தில், வார்னாக் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அதன் பக்கத்தில் வைத்தால் ஆகஸ்ட் பணம் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் தொகையை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். முழுப் பணத்தையும் அந்த 3,500 பேரே கொடுத்ததாக வைத்துக்கொண்டால்கூடத் தலைக்கு ஐம்பது டாலர் சொச்சம்தான் வருகிறது. அன்றைய சட்டப்படி ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 2,800 டாலர் வரை தரலாம். எனவே ஐம்பது டாலர் கொடுத்தவரிடம் மறுபடி கேட்கலாம், நவம்பரில் கேட்கலாம், ஜனவரிக்கு முன்னால் இன்னொரு முறை கேட்கலாம். மின்னஞ்சல் முகவரி கையில் இருக்கிறது. பிரசாரம் நடத்துபவர்களுக்கு அந்தப் பட்டியல் பணத்தைவிடப் பெரிய சொத்து. அப்புறம், நன்கொடை கொடுக்க ஜார்ஜியாவில் ஓட்டு இருக்க வேண்டியதில்லை. சட்டையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வேறு மாநிலத்துக்காரர்கள். அவர்களால் ஓட்டுப் போட முடியாது, பணம் அனுப்ப முடியும். ஒரு தேசிய ஒளிபரப்புக்கு ஒரு மாநிலத் தேர்தலில் பயன் இருந்தது இந்த வழியில்தான்.

ஜூலை இறுதியில் வெளியான மான்மத் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பில் வார்னாக்குக்கு வெறும் 9 சதவீதம். லெஃப்லருக்கு 26, காலின்ஸுக்கு 20. ஜனநாயகக் கட்சியிலேயே இன்னொருவர், மேட் லீபர்மன், 14 சதவீதத்தோடு வார்னாக்குக்கு முன்னால் இருந்தார். முன்னாள் செனட்டர் ஜோ லீபர்மனின் மகன் அவர். குடும்பப் பெயரே பாதி விளம்பரம். ஜனநாயக வாக்கு இப்படிச் சிதறினால், லெஃப்லரும் காலின்ஸும் முதல் இரண்டு இடத்தைப் பிடித்து, ஜனவரிச் சுற்றில் இரு குடியரசுக் கட்சிக்காரர்களே மோதும் அபாயம் இருந்தது. அந்த நிலையில் வார்னாக்குக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஏற்கெனவே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடப்போகிறவர்கள், நமக்கான ஆள் இவர்தான் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நவம்பர் 3 அன்று அவருக்கு 32.9 சதவீதம் கிடைத்தது. லெஃப்லர் 25.9. காலின்ஸ் 20-க்குச் சற்றுக் கீழே. லீபர்மன் 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

இதை முழுக்கச் சட்டையின் கணக்கில் எழுத முடியாது. செப்டம்பரில் ஒபாமா ஆதரவு தெரிவித்தார். விளம்பரங்கள் ஓடின. விலகிக்கொள்ளும்படி லீபர்மனுக்குக் கட்சிக்காரர்களின் நெருக்கடி கூடிக்கொண்டே போனது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், ஆகஸ்ட் முதல் வாரத்தில், வார்னாக் என்ற பெயர் நாடு தழுவிய செய்தியாக ஆனது ஒரு கூடைப்பந்து அரங்கிலிருந்துதான். தேர்தல் ஆதரவில் நேரம்தான் பாதி மதிப்பு. அதே சட்டையை அக்டோபர் கடைசியில் அணிந்திருந்தால் படம் நன்றாக இருந்திருக்கும். வேறு பலன் பெரிதாக இருந்திருக்காது.

சரி, லெஃப்லர் கணக்குத் தப்பிவிட்டதா? இங்கேதான் வழக்கமான கதை நொண்டுகிறது. சட்டையைப் பார்த்ததும் அவர் விட்ட அறிக்கையில், மாற்றுக்கருத்து உள்ளவர்களை ஒதுக்கித் தள்ளும் கலாசாரம் எல்லை மீறிப் போய்விட்டதற்கு இதுவே சான்று என்றார். வலதுசாரி வாக்காளரிடம் எடுபடும் பேச்சு அது. காலின்ஸை அவர் முந்தினார்தானே? எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது என்றாலும், அந்த மோதலில் இரண்டு தரப்புமே ஆகஸ்டில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டன என்றுதான் நான் சொல்வேன். விலை பின்னால் வந்தது. காலின்ஸை முந்துவதற்காக வலது ஓரம்வரை போனவர், ஜனவரியில் நடுப்பக்கத்து வாக்காளரைத் தேடி அங்கிருந்து திரும்பி வர வேண்டியிருந்தது. அவரால் வர முடியவில்லை.

93,000 வாக்குகள்

2021 ஜனவரி 5 அன்று வார்னாக் 51 சதவீதத்துக்குச் சற்று மேலே பெற்று வென்றார். வித்தியாசம் சுமார் 93,000 வாக்குகள். பதிவானவை ஏறத்தாழ 45 லட்சம். ஜார்ஜியாவிலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் அவர். அதே நாளில் ஜார்ஜியாவின் இன்னொரு செனட் இடத்தில் அதே கட்சியின் ஜான் ஆசஃபும் வென்றதால் செனட் 50-க்கு 50 என்று ஆனது, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கால் அவை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது.

இந்த 93,000-இல் எத்தனை வாக்கு வீராங்கனைகளுடையது என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த இரண்டு மாதத்தில் அங்கே நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. அதிபர் தேர்தலில் பைடன் அந்த மாநிலத்தை 12,000-க்கும் குறைவான வாக்கில் வென்றிருந்தார்; முடிவையே ஏற்க மறுத்த டிரம்ப், சொந்தக் கட்சி ஆளுநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புதிய வாக்காளர்களைப் பதிவு செய்யும் வேலையை ஏப்ரம்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்கள். அட்லாண்டாவைச் சுற்றிய புறநகர்கள் கட்சி மாறிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் நடுவில் ஒரு டி-ஷர்ட்டுக்குத் தனியாகக் கணக்கு எழுதுவது வீண் வேலை.

பலிக்காத ஆதரவுகள்

ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2016 அதிபர் தேர்தலில் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஹிலாரி கிளின்டனை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கிளீவ்லாந்தில் அவரோடு மேடையேறினார். லெப்ரான் பிறந்தது ஒஹாயோ மாநிலத்தில். சில மாதம் முன்புதான் அந்த மாநிலத்தின் கிளீவ்லாந்து அணிக்கு, ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மாநிலத்தில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. கிளின்டன் ஒஹாயோவில் 8 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். கிளின்டனை யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பல ஆண்டாகத் தெரிந்த முகம். எல்லோரும் ஏற்கெனவே ஒரு முடிவில் இருந்தார்கள்.

பிரேசிலின் 2022 அதிபர் தேர்தலில் கால்பந்து வீரர் நெய்மார், அப்போதைய அதிபர் பொல்சொனாரோவை ஆதரித்தார். இரண்டாம் சுற்றில் எதிர்த்து நின்ற லூலா 50.9-க்கு 49.1 சதவீதம் என்று வென்றார். அங்கேயும் இரண்டு வேட்பாளரையும் தெரியாத வாக்காளர் யாரும் இல்லை.

ஜாக்கி ராபின்சனின் கதை இன்னும் வருத்தமானது. கறுப்பினத்தவரை ஆட விடாத அமெரிக்கப் பேஸ்பாலின் நிறத்தடையை 1947-இல் உடைத்தவர். 1960 அதிபர் தேர்தலில், ஓய்வு பெற்றபின், குடியரசுக் கட்சியின் நிக்சனை ஆதரித்து வேலை செய்தார். அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்கை ஜார்ஜியாவில் சிறையில் போட்டார்கள். நிக்சனை எதிர்த்து நின்ற கென்னடி, கிங்கின் மனைவிக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்; நிக்சன் வாய் திறக்கவில்லை. கிங்கின் தந்தை அதுவரை நிக்சன் பக்கம் இருந்தவர்; வெளிப்படையாகக் கென்னடிக்கு மாறினார். கறுப்பின வாக்காளரிடம் ராபின்சனின் அத்தனை புகழும் அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஈடாகவில்லை. கிங்கின் தந்தை அப்போது போதகராக இருந்த தேவாலயம் எது தெரியுமா? எபனேசர். வார்னாக்கின் அதே எபனேசர்.

பலித்த ஆதரவுக்கு ஓர் உதாரணம் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. 2008 தேர்தலுக்காக ஒபாமாவுக்குத் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃபிரே கொடுத்த ஆதரவை கிரெய்க் கார்த்வெயிட், டிமதி மூர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கட்சியின் முன்தேர்தலில் அது சுமார் 10 லட்சம் வாக்கைக் கூட்டியது என்பது அவர்கள் மதிப்பீடு. முன்தேர்தல் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே போட்டியிடும் எல்லோரும் ஒரே கட்சி என்பதால் கட்சிச் சின்னம் வழிகாட்டாது. வார்னாக் நின்ற நவம்பர் வாக்குச்சீட்டும் அப்படித்தான்: ஒரே கட்சியிலிருந்து பலர், ஒரே பட்டியலில்.

கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் 1990-இல் வட கரோலினா செனட் தேர்தலில் கறுப்பின வேட்பாளர் ஹார்வி கேன்ட்டை வெளிப்படையாக ஆதரிக்க மறுத்ததையும், குடியரசுக் கட்சிக்காரர்களும் ஷூ வாங்குகிறார்கள் என்று அவர் சொன்னதையும் இந்த இடத்தில் எல்லோரும் இழுப்பார்கள். அது விளையாட்டாகச் சொன்னது என்றும், கேன்ட்டுக்கு நன்கொடை அனுப்பினேன் என்றும் முப்பது ஆண்டு கழித்து ஜோர்டான் சொன்னார். இழக்க அவரிடம் நிறைய இருந்தது. 2020-இல் டபிள்யூ.என்.பி.ஏ.வின் உச்சச் சம்பளமே 2,15,000 டாலர். பலர் குளிர்காலத்தில் வெளிநாட்டு அணிகளுக்கு ஆடித்தான் கணக்கைச் சரிக்கட்டினார்கள். இழக்கக் கொஞ்சமே இருப்பவர்களுக்குத் துணிச்சல் எளிது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. கொஞ்சமே சம்பாதிப்பவருக்கு அந்தக் கொஞ்சம்தான் மொத்தமும்.

யார் தடுத்திருக்கலாம்?

லீக் தடுத்திருக்கலாம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் பேச்சுரிமை அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் முதலாளியை அல்ல. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் சீருடை விதி, லீக் முன்கூட்டி அனுமதிக்காத சொந்தச் செய்தி எதையும் ஆட்ட நாளில் அணிய விடுவதில்லை. 2024 அக்டோபரில் அந்த லீக்கின் வீரர் நிக் போஸா ஆட்டம் முடிந்தவுடன் டிரம்ப் ஆதரவுத் தொப்பியோடு தொலைக்காட்சிப் பேட்டிக்குள் நுழைந்தார். 11,255 டாலர் அபராதம் விழுந்தது. டபிள்யூ.என்.பி.ஏ. 2020-இல் யாருக்கும் அபராதம் போடவில்லை. 2016-இல் பட்டது போதும் என்று நினைத்திருக்கலாம். தேர்தல் சட்டப் பக்கத்தில், நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்கு நேரடியாக நன்கொடை தரக் கூடாது. தனிமனிதர் சம்பளம் வாங்காமல் ஒருவருக்காக வேலை செய்தால் அது நன்கொடைக் கணக்கில் வராது. அதனால் லீக் வாயே திறக்காமல் இருந்ததும், வீராங்கனைகள் தங்கள் பெயரில் பேசியதும் இரண்டு தரப்புக்கும் வசதியாக அமைந்தது.

அதற்குப் பின்

2021 பிப்ரவரி இறுதியில் அட்லாண்டா ட்ரீம் கைமாறியது. வாங்கிய மூவரில் ஒருவர் ரெனே மாண்ட்கோமரி. அதே அணிக்கு ஆடியவர். 2020 பருவத்தில் ஆடாமல் சமூக நீதிப் பணிக்குப் போகிறேன் என்று விலகி நின்றவர். ஒரு முன்னாள் வீராங்கனை டபிள்யூ.என்.பி.ஏ. அணி ஒன்றுக்கு உரிமையாளராகவும் நிர்வாகியாகவும் ஆனது அதுவே முதல் முறை.

வார்னாக் வென்றது மீதிக் காலத்துக்குத்தான் என்பதால் 2022-இல் மறுபடி நிற்க வேண்டியிருந்தது. இந்த முறை எதிரே நின்றவர் ஹெர்ஷல் வாக்கர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1982-இல் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர், பிறகு என்.எஃப்.எல். நட்சத்திரம், அந்த மாநிலத்தில் அவர் பெயர் தெரியாத வீடு இல்லை. டிரம்பின் ஆதரவும் அவருக்கு இருந்தது. நவம்பரில் அதே கட்சியின் ஆளுநர் கெம்ப் சுலபமாக ஜெயித்தார். ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கெம்ப்பைவிட வாக்கருக்கு 2 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் குறைவு. டிசம்பர் 6 மறுதேர்தலில் வார்னாக் அவரை மூன்று புள்ளிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்தார்.